'தவறி விழுந்தார்' என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, இப்போது வீட்டோடு இருப்பவன். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் எத்தனையோ பேருடைய பிராதுகளைச் சுமந்துகொண்டு படியேறியிருக்கிறேன். இந்த முறை என் சொந்த அக்காவுக்காக ஏற வேண்டி வந்தது.

உங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி நாலு வரியில் ஒரு செய்தி வரும். 'கட்டடப் பணிக்காகத் தோண்டிய பள்ளத்தில் தவறி விழுந்து பெண் காயம்.' நானும் இதை வருஷக்கணக்காகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான். போன ஐப்பசிக்குப் பிறகு அந்தத் 'தவறி' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. பள்ளத்தைத் தோண்டியவர் யார், மூடாமல் விட்டவர் யார், விளக்கு வைக்காதவர் யார் என்று எதுவும் அந்த வரியில் இல்லை. தவறு முழுக்க நடந்து வந்தவரின் காலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் அக்காவுக்கு 57 வயது. 14 வயதிலிருந்து தறியில் உட்காருகிறாள். அன்று திங்கட்கிழமை. நெய்து முடித்த சேலையை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு, கூலியையும் ஊடை நூலையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ராத்திரி ஏழே கால் மணி, மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெரு முனையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் ஜல்லியும் எம்-சாண்டும் பாதித் தெருவை அடைத்துக் கொட்டிக் கிடந்தன. எதிரே ஒரு வேன் வந்தது. அக்கா ஓரமாக ஒதுங்கினாள். அந்த ஓரத்தில் தொட்டி கட்ட நாலடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அதன் மேல் பழைய சென்ட்ரிங் பலகை இரண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். பலகைக்கு மேலே மழைத்தண்ணீர் தேங்கி நின்றதால் தெருவுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கயிறு கட்டவில்லை, விளக்கும் இல்லை. இத்துப்போன பலகை முறிந்தது. வலது கணுக்காலில் இரண்டு எலும்பும் போய்விட்டன.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்தவர் அந்தக் கட்டடத்தின் மேஸ்திரி. இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து அக்காவைத் தூக்கினார். தன் தோள் துண்டைக் கிழிக்காமல் அப்படியே மடித்துக் காலில் இறுகக் கட்டி, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

மருத்துவமனையில் டியூட்டி டாக்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டபோது அக்கா வலியில் பேசும் நிலையில் இல்லை. கூட வந்த பக்கத்து வீட்டு அம்மாள், "நடந்து வரும்போது தவறி விழுந்துட்டாங்க சார்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊர்ப் பேச்சே அப்படித்தான். டாக்டர் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். ஏ.ஆர். என்று எல்லோரும் சொல்கிற விபத்துப் பதிவேட்டில், நடக்கும்போது தானாகத் தவறி விழுந்ததாகச் சொல்லப்படுகிறது என்று ஏறிவிட்டது. தானாக விழுந்தவருக்குப் போலீஸ் எதற்கு? காவல் நிலையத்துக்குத் தகவலே போகவில்லை.

நான் பின்னிரவில் போய்ச் சேர்ந்தேன். 31 வருஷ குமாஸ்தா, எனக்கும் அந்த நேரத்தில் அந்த ஏட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் நகல் வாங்கிப் படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

அக்கா விழுந்த மறுநாளே காலை ஆறு மணிக்குத் தெரு முனைக்குப் போனேன். பள்ளத்தின் மேல் புதுப் பலகை, சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டுச் சிவப்பு வெள்ளை நாடா. ஜல்லியெல்லாம் ராவோடு ராவாக உள்ளே போய்விட்டது. இப்படி ஒரு ஒழுங்கான கட்டட வேலையை நான் பார்த்ததில்லை என்று சொல்லும்படி இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதற்கு எங்கள் பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு படம்தான். எதிர்வீட்டுக் காலேஜ் பையன், அக்காவைத் தூக்கும்போது வெளிச்சத்துக்காக செல்போனை நீட்டியவன், முறிந்த பலகையோடு ஒரு படமும் எடுத்திருந்தான். "யாருக்கு அனுப்புனாலும் பரவால்ல கண்ணு, போன்ல இருந்து மட்டும் அழிச்சிடாதே" என்று அவனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். வாட்ஸப்பில் சுற்றி வந்த படத்தைவிட, எடுத்த போனில் இருக்கும் மூலப்படத்துக்குத்தான் கோர்ட்டில் மதிப்பு. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் கொடுத்து அதைத் தாக்கல் செய்யலாம்.

அன்று மத்தியானமே கட்டட உரிமையாளர் தரப்பில் இருவர் வார்டுக்கு வந்தார்கள். கையில் 5,000 ரூபாய், கூடவே டைப் செய்த ஒரு தாள். 'எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்' என்று அதில் இருந்தது. அக்கா கையெழுத்துப் போடத் தெரிந்தவள். பேனாவைக்கூட வாங்கிவிட்டாள். "எழுதிக் குடுத்துட்டா அவங்க நிம்மதியாப் போயிருவாங்களேடா" என்றாள். நான் தடுத்துவிட்டேன். மற்றவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவச் செலவுக்கு அவர்கள் கொடுக்கும் பணத்தை வாங்குவது தப்பில்லை, அதனால் உரிமை எதுவும் போய்விடாது. ஆனால் ரசீதை நீங்கள் எழுதுங்கள்: 'சிகிச்சைச் செலவுக்காக, பகுதித் தொகையாகப் பெற்றேன்.' அந்த ஒரு வரிக்கு மேல் அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அப்புறம் காவல் நிலையம். அங்கே முதலில் கிடைத்த பதில், "ஏ.ஆர்.ல தவறி விழுந்ததுன்னுதானே இருக்கு, சமாதானமாப் போங்க." நான் எழுத்து மூலமாக அக்காவின் புகாரைக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எப்.ஐ.ஆர். பதிய ஒன்பது நாள் ஆனது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 290ஆம் பிரிவு, கட்டும்போதோ இடிக்கும்போதோ கட்டடமோ அதன் ஒரு பகுதியோ விழுந்து உயிருக்கு ஆபத்து வராதபடி காப்புச் செய்யாதவர்களுக்கானது. மேலேயிருந்து செங்கல் விழுந்தால், சுவர் சரிந்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். பள்ளத்துக்கு இது பொருந்தாது. பொதுவழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்குவதற்கு 285ஆம் பிரிவு இருக்கிறது, 5,000 ரூபாய் வரை அபராதம். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 125ஆம் பிரிவின் 'பி' உட்பிரிவு, 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எலும்பு முறிவு என்றாலே சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம்தான், வேறு விவாதம் தேவையில்லை. எப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், அதைக் கேட்டு வாங்க வேண்டும். நிலையத்தில் பதிய மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். எங்கள் மாதிரி மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

ஆனால் அபராதம் கட்டினால் அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. அதிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லிக் குற்றவியல் கோர்ட் உத்தரவிடலாம்தான், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. இழப்பீட்டுக்கு சிவில் கோர்ட்டில் தனியாக வழக்குப் போட வேண்டும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று பலர் என்னிடம் கேட்டார்கள். வீடு வாங்கியவர் போகலாம், தெருவில் நடந்து போனவர் அந்தக் கட்டடக்காரருக்கு நுகர்வோர் ஆக மாட்டார். கலவை லாரியோ ஜே.சி.பி.யோ மோதியிருந்தால் வழி வேறு. அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும், 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் நோட்டீஸ் வந்தது. அதை நான் அக்காவுக்குப் படித்துக் காட்டவே இல்லை. 'தங்கள் கட்சிக்காரர் மழை நேரத்தில் கவனக்குறைவாக நடந்து, தானே தவறி விழுந்துள்ளார். மருத்துவமனைப் பதிவே இதற்குச் சாட்சி.' பக்கத்து வீட்டு அம்மாள் பதற்றத்தில் சொன்ன அதே இரண்டு சொல், முத்திரை குத்திய தாளில் எங்களுக்கு எதிராகத் திரும்பி வந்தது. பள்ளம் காண்ட்ராக்டரின் பொறுப்பு என்று உரிமையாளரும், பலகை போட்டது துணைக் காண்ட்ராக்டர் என்று காண்ட்ராக்டரும் எழுதியிருந்தார்கள்.

இதற்கெல்லாம் பதில் நம் நாட்டுச் சட்டத்தில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. டில்லி சாந்தினி சௌக்கில் 1950-களின் தொடக்கத்தில் மாநகராட்சியின் மணிக்கூண்டு ஒன்று இடிந்து தெருவில் போனவர்கள் மேல் விழுந்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் போட்ட வழக்கில் 1966-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 80 வருஷப் பழைய கட்டடம். அந்த மாதிரிக் கட்டுமானத்தின் ஆயுளோ 40, 45 வருஷம்தான். உள்ளே இருந்த பழுது வெளியே தெரியாது என்று மாநகராட்சி சொன்னதைக் கோர்ட் ஏற்கவில்லை. பொதுவழியை ஒட்டி ஒருவர் கட்டடம் வைத்திருந்தால், வழியில் போகிறவருக்கு அதனால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை, பழுது தனக்குத் தெரியாது என்பது சாக்காகாது என்றது. மணிக்கூண்டு தானாக விழாது, விழுந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி. எப்படிக் கவனமாக இருந்தேன் என்பதை உடையவர்தான் காட்ட வேண்டும். தெருவோரத்தில் மூடாத பள்ளமும் தானாக வராது. நடந்தவர் மேலும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், கோர்ட் அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கும், வழக்கையே தள்ளிவிடாது. உரிமையாளர், காண்ட்ராக்டர், துணைக் காண்ட்ராக்டர் எல்லோரையும் பிரதிவாதியாகச் சேர்த்துவிட வேண்டும். தங்களுக்குள் யார் எவ்வளவு என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். ராஜ்கோட்டில் நடந்து போனவர் மேல் சாலையோர மரம் விழுந்து இறந்த வழக்கில், மாநகராட்சி பொறுப்பல்ல என்று 1997-ல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. மரம் விழும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியாது என்பது காரணம். இத்துப்போன பலகை முறியும் என்பதை எதிர்பார்க்க முடியாதா?

எவ்வளவு கேட்பது என்பதிலும் ஒரு தீர்ப்பு என்னை நெகிழ வைத்தது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கு, 2010. வாகன விபத்து வழக்குதான், ஆனாலும் கணக்கு எல்லாக் காயத்துக்கும் உதவும். உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் சொல்வது வேறு, அந்த ஊனத்தால் அந்த ஆளின் பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று அதில் பிரித்துச் சொல்கிறார்கள். உதாரணமும் கொடுக்கிறார்கள்: இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பு முழுக்கப் போய்விடலாம், அதே கை ஒரு அரசாங்க குமாஸ்தாவுக்குப் போனால் வேலை போகாமலும் இருக்கலாம். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் கணுக்கால் முறிந்திருந்தால் நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிப் பிழைத்திருப்பேன். அக்காவுடையது குழித்தறி. குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தால்தான் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்குகிற விழுது ஏறி இறங்கும், பாவு வாய் திறக்கும், குறுக்கே ஊடையை இழுக்கிற நாடா ஓடும். தகடு வைத்த கணுக்காலால் அரை மணி நேரம் மிதிக்க முடியவில்லை அவளால். ஊனம் 20 சதவீதம் என்று சான்றிதழ் சொல்கிறது. தறி நின்று ஐந்து மாதம் ஆகிறது.

அவள் வருமானத்துக்கு ஆதாரம்? சம்பளச் சீட்டு கிடையாது. முதலாளி வீட்டில் பாவு கொடுத்த தேதி, சேலை வந்த தேதி, கூலி எல்லாம் எழுதிய ஒரு அழுக்கு நோட்டு இருக்கிறது. அதைத்தான் தாக்கல் செய்திருக்கிறோம். வெறும் வீட்டு வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தால்கூட அந்த உழைப்புக்கும் பணமதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 'வருமானம் இல்லை' என்று யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம்.

செலவை நினைத்துத்தான் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் முன்பு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது. 2017-ல் 3 ரூபாயாகக் குறைத்தார்கள். 5 லட்சம் கேட்டால் 15,000. அதுவும் இல்லாதவர்களுக்கு 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பாராமலே வக்கீலும் கட்டணமும் இலவசமாகக் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். அக்காவுக்கு அப்படித்தான் வக்கீல் கிடைத்தார், இளம் பெண். என் அக்காவை 'அம்மா' என்று கூப்பிட்டு, தறிக்குழியை வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் பிராதை எழுதினார்.

10 ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனுப் போட்டேன். தெருவில் ஜல்லி கொட்டி வைக்க அனுமதி வாங்கியிருந்தார்களா என்பதுதான் கேள்வி. 30 நாளில் பதில் வர வேண்டும், வந்தது. கட்டட வரைபடத்துக்கு அனுமதி உண்டு, தெருவை அடைக்க அனுமதி கேட்கவே இல்லை. அந்த ஒரு தாள் எங்கள் வழக்கில் பாதி. கட்டட இடிபாடுகள் பொதுவழியையும் சாக்கடையையும் அடைக்கக் கூடாது என்று 2016-ன் விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். சாலை வேலை நடக்கிற இடமானால் இந்தியச் சாலை காங்கிரஸின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டுதல் இருக்கிறது: முன்னெச்சரிக்கைப் பலகை, தடுப்பு, ராத்திரியில் விளக்கு, நடப்பவர்களுக்குத் தனி வழி. நம் ஊரில் ஐந்து ரோட்டில் மேம்பாலம் கட்டியபோதும், பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காக்கியபோதும் வருஷக்கணக்கில் தடுப்புகளுக்கு நடுவே நடந்து பழகியவர்கள் நாம். நடக்கிறவருக்கென்று ஒரு வழி கேட்கலாம் என்ற நினைப்பே நமக்கு வந்ததில்லை.

கோயம்புத்தூரின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கை உங்கள் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் சொன்னார்கள். முறிந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு டாக்டர் கோர்ட்டுக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எங்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்கு நூல். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். மாட்டுவண்டிக்காரர் அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு போவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இழை அறுந்தால் அது ஒரு வீட்டின் கூலி என்று எல்லோருக்கும் தெரியும். அதே தெருவில்தான் நாலடிப் பள்ளத்தின் மேல் இத்துப்போன பலகையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இனி இப்படி ஒரு செய்தி வந்தால் 'தடுப்பு இல்லாத பள்ளத்தில் விழுந்து காயம்' என்று போடச் சொல்லுங்கள். தடுப்பு இருந்ததா, விளக்கு இருந்ததா என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை விசாரித்து எழுதினால் அந்தச் செய்தி நறுக்கு ஒரு ஏழைக்கு ஆதாரமாகும். வாசகர்களுக்கும் சொல்கிறேன். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் நல்ல மனிதர்கள் நீங்கள். டாக்டர் கேட்கும்போது, "இந்தத் தெருவில், இந்தக் கட்டடத்துக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் விழுந்தார்" என்று சொல்லுங்கள். பொய் சேர்க்க வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதும். ஒருவர் ஆட்டோவில் ஏறும்போது இன்னொருவர் அங்கேயே நின்று நாலு படம் எடுங்கள்.

எங்கள் பிராதைக் கோர்ட் ஏற்று வழக்குக்கு நம்பர் கொடுத்துவிட்டது. அடுத்த வாய்தா சித்திரையில்.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். மேஸ்திரியைப் பற்றி எழுதியிருக்கிறாயா என்றுதான் முதலில் கேட்டாள். பிராதிலும் அவர் பெயரைப் பிரதிவாதியாகச் சேர்க்கக் கூடாது என்று வக்கீலம்மாவிடம் பிடிவாதமாகச் சொன்னவள் அவள். அந்த வாரமே அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அவருடைய துண்டை அக்கா துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இதைப் படித்தால் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு தரம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
அம்மாப்பேட்டை, சேலம்.